ராக்ஸி ஏன் இடிந்தது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடிந்த திரையரங்கு ஒன்றின் நடுவே நடிகை குளோரியா ஸ்வான்சன் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் புகைப்படத்தை அண்மையில் பார்த்தேன். அது நியூயார்க்கின் ராக்ஸி அரங்கு, இடிக்கப்பட்ட ஆண்டு 1960 என்று அறிந்தேன். தொலைக்காட்சி வந்து கூட்டம் குறைந்ததால்தான் அவ்வளவு பெரிய அரங்கை இடித்தார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு. ஆனால் பழி முழுவதையும் அதன் தலையில் போட முடியாது. ராக்ஸி, திறக்கும் முன்பே கைமாறிய அரங்கு. அதைக் கட்டத் தொடங்கிய ஹெர்பர்ட் லூபின், செலவு கைமீறிப் போனதால், திறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது தன் பங்கைப் படத் தயாரிப்பாளர் வில்லியம் ஃபாக்ஸிடம் விற்றுவிட்டு ஒதுங்கினார். 1927 மார்ச் 11 அன்று திரையிடப்பட்ட முதல் படத்தைத் தயாரித்து நடித்தவர் இதே ஸ்வான்சன். அரங்கை நடத்திய, 'ராக்ஸி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட சாமுவேல் ராத்தஃபெல்லின் பெயரைத்தான் அரங்குக்கு வைத்திருந்தார்கள். அவரோ சில ஆண்டுகளில், 1932இல் திறக்கப்பட்ட ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் என்ற வேறொரு நியூயார்க் அரங்குக்குப் போய்விட்டார். ஏறத்தாழ 5,900 இருக்கைகளை நாள்தோறும் நிரப்பியாக வேண்டிய பாடு, பெயரோடு சேர்ந்து இங்கேயே தங்கிவிட்டது.

அத்தனை இருக்கைகளுக்காகக் கட்டடக் கலைஞர் வால்டர் ஆல்ஷ்லாகர், கூடத்தை மனையில் மூலைவாட்டாக அமைத்து மேடையை ஒரு மூலைக்குள் ஒடுக்கினார். ஆடல்பாடலுக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் படம் பார்க்க வந்தவர்களை அவர் கைவிடவில்லை. பொதுவாகப் பெரிய அரங்குகளில் புரொஜெக்டர் அறை பால்கனிக்கும் பின்னால், கூரையை ஒட்டி இருக்கும். அங்கிருந்து ஒளி செங்குத்தாகச் சரிந்து விழுவதால் திரையில் உருவங்கள் கீழ்நோக்கி நீண்டு கோணலாகத் தெரியும். ராக்ஸியில் பால்கனியின் முன்முகத்தைக் குடைந்து அந்த அறையை வைத்தார்கள். ஒளிக்கற்றை திரையை ஏறக்குறைய நேராகத் தொட்டதால், படம் திருத்தமாக விழுந்தது. இந்த ஒன்றுக்காகவே அந்தக் கட்டடத்தின் மீது எனக்குத் தனி மதிப்பு. தொலைக்காட்சியைச் சமாளிக்க ஹாலிவுட் கொண்டுவந்த அகலத்திரை முறையான சினிமாஸ்கோப்பின் முதல் படமான 'தி ரோப்' 1953இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் இங்கேதான்.

அரங்கை முடித்து வைத்தது மனைக் கணக்கு. நியூயார்க்கின் அன்றைய விதிப்படி, மனையின் கால் பங்குப் பரப்பில் மட்டுமே உயர வரம்பில்லாமல் கட்டடம் எழுப்பலாம். அண்டை மனையையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் அந்தக் கால் பங்கு பெரிதாகும். ராக்ஸிக்கு அடுத்த மனையில் 48 மாடி டைம்-லைஃப் கட்டடத்தை எழுப்பத் திட்டமிட்டிருந்த ராக்ஃபெல்லர் சென்டர் நிறுவனம், 1950களின் நடுவில் ராக்ஸியை வாங்கியது இதற்காகத்தான். படம் பார்க்க வந்தவர்கள் ஒருபுறம் இருக்க, அரங்கின் தலைக்கு மேலிருந்த வெற்று ஆகாயத்துக்குத்தான் விலை கொடுக்கப்பட்டது. 1960 மார்ச் 29 அன்று ராக்ஸி மூடப்பட்டது.

நீங்கள் பார்த்த படம், அரங்கு இடிபடும்போது எலியட் எலிசோஃபன் எடுத்தது. ஸ்வான்சன் தற்செயலாக அங்கே வரவில்லை. உடுத்தி ஒப்பனை செய்துகொண்டு, படத்துக்காகவே வந்து நின்றார். அதை வெளியிட்டது 'லைஃப்' இதழ். அதன் அலுவலகம் அடுத்த மனையில் எழும்பிய அந்த 48 மாடிக் கட்டடத்தில் இருந்தது.