கடைசி பிளாப்பியை முதலில் போடுங்கள்

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்த என் அப்பா, 1997-இல் தோட்டக் கோயிலின் வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கி, ஆறு பிளாப்பி வட்டுகளில் பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கி முதலாவதைத் திறந்தால், கோப்பு பழுது என்கிறது கணினி. கடைக்காரர் 350 வெள்ளி கேட்கிறார். ஆறையும் விட்டுப் போகச் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் கோப்பு பெரும்பாலும் பழுதாகியிருக்காது. நீங்கள் தவறான முனையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தில் ஆள் கணக்கெல்லாம் எழுதி முடித்த பிறகு, கூட்டுத்தொகையை அப்பா கடைசிப் பக்கத்தில்தானே எழுதியிருப்பார்? ஜிப் கோப்புகளை உருவாக்க 1989-இல் வந்த பிகேஜிப் செயலியும் அப்படித்தான் வேலை செய்தது. உள்ளே எந்தெந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை அது ஜிப்பின் வாலில்தான் எழுதும். அதனால் ஆறு பிளாப்பிகளுக்கான பட்டியலும் ஆறாவதில் இருக்கிறது. முதலாவதை மட்டும் பார்க்கும் கணினி, பட்டியலைக் காணாமல் பழுது என்று சொல்லிவிடுகிறது. அந்நாளில் 28.8 கிலோபிட் வேக மோடத்தில் 10 மெகாபைட் கோப்பை இறக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்து, முடியும் தறுவாயில் இடி இடித்துத் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, வந்து சேர்ந்த பெரும்பங்கும் திறக்க மறுத்ததற்குக் காரணமும் இந்த வால்தான்.

முதலில் ஒவ்வொரு பிளாப்பியின் மூலையிலும் உள்ள சிறு தகட்டை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போது அதன்மேல் எதுவும் எழுத முடியாது. அடுத்து, உலோக மூடியை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, பின்புறம் நடுவிலிருக்கும் வட்டத்தை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் கறுப்புத் தகட்டின்மேல் வெண்புள்ளியாகப் பூஞ்சை படரும். அப்படியிருந்தால் அதை டிரைவில் போடாதீர்கள். அந்தத் தூசு படிப்பு முனையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். எண் எழுதிய காகிதம் உரிந்திருந்தாலும் கவலையில்லை. பிகேஜிப் ஒவ்வொன்றுக்கும் ‘பிகேபேக்’ என்று பெயரிட்டு, 001, 002 என வரிசை எண்ணையும் வைத்திருக்கும். டிரைவின் பெயரிலேயே அது தெரியும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆறு பிளாப்பிகளிலும் கோப்பின் பெயர் ஒன்றே, ‘கோயில்.ஜிப்’ என்பது போல. அவற்றை ஒரே கோப்புறையில் வரிசையாக நகலெடுத்தால், ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு மிஞ்சுவது கடைசி மட்டுமே. ஆகவே ஒவ்வொன்றையும் நகலெடுத்தவுடன் பெயர் மாற்றுங்கள்: முதல் ஐந்துக்கும் பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின் வருவதை, இசட்01 (z01) முதல் இசட்05 (z05) வரை வையுங்கள், ஆறாவதை மட்டும் ஜிப் என்றே விடுங்கள். எல்லாம் ஒரே கோப்புறையில் சேர்ந்தபின், இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் செயலியால் ஆறாவதைத் திறந்தால் போதும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால், எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நிதானமாகப் படியுங்கள். முதல் பிளாப்பியில் உள்ள கோப்புப் பெயரின் வால் ஏஆர்ஜே (arj) என்றும், அடுத்தவை ஏ01 (a01), ஏ02 (a02) என்றும் இருந்தால், அது ஜிப்பே அல்ல. அந்நாளில் பலர் விரும்பிய வேறொரு சுருக்கு முறை. அதில் முதலாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும், பெயர்கள் வெவ்வேறாக இருப்பதால் மாற்றவும் கூடாது. மாற்றினால் அடுத்த துண்டு எதுவென்று செயலிக்குத் தெரியாமல் நின்றுவிடும். பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற செயலிக்குள் பழைய ஏஆர்ஜே நிரலையே ஓட்டி விரிப்பது நல்லது. ஆகவே ஒன்றைத் தொடுமுன் ஆறின் பெயர் வால்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஜிப் என்றால் கடைசி பிளாப்பியிலிருந்து, ஏஆர்ஜே என்றால் முதலாவதிலிருந்து.

கடைக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘டேட்டா ரெக்கவரி’ என்று பலகை மாட்டியவர்களில் சிலர் செய்வது மேலே சொன்ன அரை மணி நேர வேலையைத்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு, ‘கடவுச்சொல் போட்டிருக்கிறது, இன்னும் 200 வெள்ளி’ என்று மறுவாரம் கூப்பிடுவார்கள். அப்பா கடவுச்சொல் போட்டிருந்தால், பட்டியல் தெரியும், விரிக்கும்போதுதான் கேட்கும். அதை நீங்களே பார்த்துவிடலாம். பிளாப்பிகளை எவரிடமும் விட்டுவராதீர்கள். ஓர் அலுவலகம் என்னிடம் பழைய கோயில் பதிவுகளைக் கேட்டபோது, நான் பிளாப்பியை நீட்டினேன். படிக்கும் கருவி இல்லை, அச்சிட்டு மூன்று பிரதி கொண்டுவா என்றார்கள். அவர்களே முன்பு பிளாப்பியில் தரச் சொன்னவர்கள்.

ஆறாவதே பூஞ்சை பிடித்துப் போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதன் பெயர் இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கும். அதை வைத்து முன்னிருக்கும் ஐந்திலிருந்து முழுதாக அடங்கிய கோப்புகளை மீட்கலாம். அந்த வேலைக்கு வேண்டுமானால் ஆளைத் தேடுங்கள். ஐந்தின் நகல்களை மட்டும் பென்டிரைவில் கொடுங்கள்.