சின்னவன் ஏன் நூலகத்தில் இருந்தான்?

கேள்வி: கலிபோர்னியாவில் இருந்தபோது பெரியவளுக்கு ஏழாம் வகுப்பில் பாலியல் கல்வி நடந்தது. பள்ளி அனுப்பிய தாளைப் படித்ததோடு சரி, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவள் வகுப்பில் உட்கார்ந்தாள். இப்போது டெக்சாஸில் இருக்கிறோம். சின்னவனை மட்டும் அந்த வாரம் முழுக்க நூலகத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். கேட்டால், 'நீங்கள் சம்மதம் தரவில்லையே' என்கிறார்கள். நாங்கள் மறுக்கவே இல்லை! கணவரோ, 'நல்லதாப் போச்சு, விடு' என்கிறார்.
- ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: மறுக்கவில்லைதான், ஆனால் டெக்சாஸில் அது போதாது. அமெரிக்காவில் இந்தப் பாடம் மாநிலங்களின் கையில். கலிபோர்னியாவில் 2016 முதல் நடுநிலைப் பள்ளியில் ஒரு தடவை, உயர்நிலைப் பள்ளியில் ஒரு தடவையாவது கட்டாயம். வேண்டாம் என்பவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் தலைகீழ். வேண்டும் என்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். தாள் புத்தகப்பையின் அடியில் நசுங்கிக் கிடந்தாலும் நீங்கள் மறுத்தவர் கணக்குதான்.

ஆனால் பள்ளிக்கும் கடிவாளம் உண்டு. சம்மதத் தாளை வகுப்பு தொடங்க 14 நாளுக்கு முன்பே தர வேண்டும், வேறு அனுமதித் தாள்களோடு சேர்த்துக் கட்டாக நீட்டக் கூடாது. உங்களுக்கு எப்படி வந்தது என்று தேடிப் பாருங்கள். கட்டோடு வந்திருந்தால் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

அப்புறம், ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஆரோக்கிய ஆலோசனைக் குழு ஒன்று இருக்கும். என்ன பாடம் நடத்தலாம் என்று பரிந்துரைப்பது அதுதான். அதில் பெரும்பான்மை பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் மாவட்டக் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு படத்துக்காக முக்கால் மணி நேரம் சண்டை. பார்வையாளர் நாற்காலிகளோ காலி. நம்மவர்கள் கணக்குப் போட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள், இதற்கு ஒருவரும் வருவதில்லை!

உங்கள் கணவர் நினைப்பது போல அங்கே ஒன்றும் தறிகெட்டுப் போகவில்லை. பள்ளி வயதில் உடலுறவைத் தவிர்ப்பதே சிறந்தது என்று சொல்லியாக வேண்டும், ஆணுறை விநியோகிக்கக் கூடாது. இதெல்லாம் டெக்சாஸ் சட்டத்திலேயே இருக்கிறது. கருத்தடை முறைகள் ஏழு, எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் வந்ததே 2020இல் செய்த திருத்தத்தால்தான். உயர்நிலைப் பள்ளியில் ஆரோக்கியப் பாடத்தை மாநிலம் கட்டாயமாக்கவில்லை. உங்கள் மாவட்டமும் வைக்கவில்லை என்றால், எட்டாம் வகுப்பை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பில்லை.

பாடப் பொருளைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊரில் கையைக் கட்டிக்கொண்டு வந்த ஓர் அப்பா, நாலு பக்கம் புரட்டிவிட்டு, 'இது எனக்கே தெரியாதே' என்று என் காதில் சொன்னார்.