துர்ப்பான்: மண்ணுக்கடியில் ஓடும் நீர் (கேள்வி பதில்)

கேள்வி: சீனாவின் மேற்கே, சிஞ்சியாங்கில் உள்ள துர்ப்பானில் மழையே இல்லை என்கிறார்கள். திராட்சை மட்டும் எப்படி விளைகிறது?

பதில்: ஆண்டு மழை 20 மில்லிமீட்டரைக்கூட எட்டாத பள்ளத்தாக்கு அது; அங்குள்ள அய்திங் ஏரி கடல் மட்டத்துக்கு 154 மீட்டர் கீழே கிடக்கிறது. ஆனால் வடக்கே தியான்ஷான் மலையில் உருகும் பனிநீர் அடிவாரத்துச் சரளை மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. மலையடியில் ஆழமாக ஒரு கிணறு தோண்டி, அங்கிருந்து ஊர் நோக்கி வரிசையாகக் கிணறுகளை வெட்டி, அவற்றின் அடிப்பகுதிகளை மெல்லிய சரிவுள்ள சுரங்கத்தால் இணைத்துவிட்டால், இறைக்காமலே நீர் வயலுக்கு ஓடிவரும். வெயில் படாததால் ஆவியாவதும் குறைவு. உய்குர் மக்கள் இதைக் ‘கரேஸ்’ என்கிறார்கள். தரைக்கு மேலே தெரிவதெல்லாம், கிணற்று வாய்களைச் சுற்றிக் குவிந்த மண்மேடுகளின் நீண்ட வரிசைதான். ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர்மட்டம் இறங்கியதால் பல கரேஸ்கள் வற்றிவிட்டன என்பது மிகுந்த வருத்தத்துக்குரியது.

கேள்வி: யுவான் சுவாங் இப்பகுதியில் தங்கினாரா?

பதில்: ஆம், 630-ஐ ஒட்டி, துர்ப்பானுக்குக் கிழக்கே உள்ள கவோசாங் நகரில் தங்கினார். அரசர் கூ வென்தாய் அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள முயன்றபோது, அவர் உண்ணாநோன்பிருந்து விடை பெற்றார். திரும்பும்போது மூன்றாண்டு தங்குவதாக வாக்களித்தார். அரசரும் மனமிரங்கி, வழியிலுள்ள 24 நாடுகளுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். பின்னாளில் காஞ்சிபுரம் வரை வந்து சென்ற அத்துறவி நாடு திரும்புவதற்குள், 640-இல் சீனாவை ஆண்ட டாங் அரசமரபின் படை கவோசாங்கைக் கைப்பற்றிவிட்டது. அரசரும் உயிருடன் இல்லை. ஆகவே அவர் தெற்கே கோத்தன் வழியாகச் சென்றார்.

கேள்வி: ஒரே நாள்தான் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பதில்: தயங்காமல் ஜியாவோஹ இடிபாடுகளுக்குச் செல்லுங்கள். இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கு நடுவே சுமார் 30 மீட்டர் உயரச் செங்குத்து மேட்டில், தெருக்களையும் வீடுகளையும் பெரும்பாலும் மண்ணைக் குடைந்தே அமைத்த நகரம் அது; செங்குத்துச் சரிவே காவலாக இருந்ததால் மதில் தேவைப்படவில்லை. நேரம் மிஞ்சினால் 44 மீட்டர் உயரமுள்ள எமின் மினாரையும் காணலாம்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது?

பதில்: செப்டம்பர். கோடை வெயில் தணிந்திருக்கும், அறுவடையும் நடக்கும். சுவரெங்கும் துளை விட்டுக் கட்டிய மண்கல் கூடங்களுக்குள் திராட்சைக் குலைகளைத் தொங்கவிட்டு, வெயில் படாமல் காற்றிலேயே உலர்த்துவதால்தான் அவ்வூர் உலர்திராட்சை பச்சை நிறம் மாறாமல் இருக்கிறது.