பாடும் குரலுக்குப் பதில் சொல்லும் கிட்டார்

மதிப்பிற்குரிய ஐயா,

ப்ளூஸ் இசை குறித்து நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாற்பது வயதைக் கடந்த பிறகு கிட்டார் கற்கத் தொடங்கியவன் நான். ஆசிரியர் எவரும் இல்லை. காணொளிகளைப் பார்த்தே கற்றேன். மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசையின் (ஸ்கேல்) ஐந்து நிலைகளும் இப்போது விரல்களுக்குப் பழகிவிட்டன. பேக்கிங் டிராக் எனப்படும் பின்னணி இசைப் பதிவு ஒன்றை ஓடவிட்டு அதன்மேல் வாசிக்கிறேன். தவறான சுரம் என்று எதுவும் விழுவதில்லை. ஆனால் பதிவுசெய்து கேட்கும்போது படிக்கட்டில் ஏறி இறங்குவதுபோல் ஒலிக்கிறதே தவிர, ப்ளூஸாக ஒலிக்கவில்லை. இன்னும் சில ஸ்கேல்களைக் கற்க வேண்டுமா? அல்லது இந்த வயதில் வேகம் கைகூடாது என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா? மேடையேறும் எண்ணம் எனக்கில்லை. வீட்டில் வாசிக்கும்போது எனக்கு நிறைவாக இருந்தால் போதும்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

ஸ்கேலைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். பாடலைப் பற்றியோ பாடும் குரலைப் பற்றியோ உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புதிய ஸ்கேல் எதுவும் இப்போது உங்களுக்குத் தேவையில்லை. கையில் உள்ள ஐந்து சுரங்களை எங்கே வாசிப்பது, எங்கே கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பது என்பதையே நீங்கள் இனிக் கற்க வேண்டும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் வேலைப் பாடல்களும் வயல்வெளிக் கூவல்களும் இந்த இசையின் ஊற்றுகள். ஒருவர் குரல் கொடுக்க, உடன் உழைப்பவர்கள் பதில் பாடுவது அந்த வேலைப் பாடல்களின் இயல்பு. தனி மனிதர் ஒருவர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடியபோது, பதில் பாட வேண்டிய கூட்டத்தின் இடத்தை அந்தக் கருவி எடுத்துக்கொண்டது. 1903-ஆம் ஆண்டு வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ரயில் நிலையத்தில், கத்தி ஒன்றைத் தந்திகளின்மேல் அழுத்தி வாசித்தபடி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிய ஒரு மனிதரைக் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கத்தியைத் தந்தியின்மேல் நகர்த்தினால், கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகள் வகுத்துவைத்த படிகளைத் தாண்டி, மனிதக் குரல் வழுக்கிச் செல்வதைப் போலவே சுரமும் வழுக்கிச் செல்கிறது. கிட்டாரைக் குரலாக்கும் அந்த விருப்பத்திலிருந்தே ப்ளூஸ் கிட்டாரின் பல நுட்பங்கள் பிறந்தன.

நீங்கள் நாள்தோறும் வாசிக்கும் 12 பார் வடிவத்தை இந்தக் கோணத்தில் பாருங்கள். பார் என்பது நான்கு தட்டுகள் கொண்ட ஒரு தாள அளவு. அந்த வடிவம் நான்கு நான்கு பார்களாக மூன்று வரிகளைக் கொண்டது. முதல் வரி ஒன்றைச் சொல்கிறது. இரண்டாம் வரி அதையே திரும்பச் சொல்கிறது. மூன்றாம் வரி அதற்கு ஒரு முடிவைத் தருகிறது. ஒவ்வொரு வரியிலும் குரல் ஏறத்தாழ முதல் இரண்டு பார்களில் பாடி முடித்துவிடும். எஞ்சிய இடம் கிட்டாருக்கு உரியது. பேக்கிங் டிராக்கில் குரல் இல்லாததால் 12 பார்களும் உங்களுக்கே உரியவை என்று விரல்கள் எடுத்துக்கொள்கின்றன. இடைவெளியின்றி வாசிப்பதால் ஒரு வாக்கியமும் முடிவதில்லை, அடுத்த வாக்கியமும் தொடங்குவதில்லை. ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி. பி. கிங் 1964-இல் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் நிகழ்த்திய கச்சேரியின் பதிவைக் கேளுங்கள். அவர் பாடும்போது அவருடைய கிட்டார் வாய்மூடியிருக்கும். குரல் ஓய்ந்த இடத்தில் சில சுரங்கள் மட்டும் வரும், மீண்டும் குரல் வரும். வாழ்நாள் முழுவதும் அவர் அப்படித்தான் வாசித்தார்.

ஆகவே முதலில் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, பிறர் கேட்க வேண்டியதும் இல்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு ப்ளூஸ் பாடலின் மூன்று வரிகளை வாய்விட்டுப் பாடிக்கொண்டு, வரி முடிந்த இடத்தில் மட்டும் கிட்டாரில் பதில் சொல்லுங்கள். தொடக்கத்தில் நான்கு சுரங்களுக்குமேல் வேண்டாம். அந்த நான்கையும் வாசிப்பதற்கு முன் மனத்துக்குள் பாடிப் பார்ப்பது இன்னும் நல்லது. பாட முடியாத எதையும் வாசிப்பதில்லை என்று சில காலம் ஒரு விரதம்போல் கடைப்பிடித்தால், விரல்கள் பழக்கத்தால் ஓடும் தடங்கள் தாமாகவே விலகிப்போகும்.

அடுத்து, கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுப்புகள், மாறுவதைக் கேட்கப் பழக வேண்டும். ஏ மைனர் பென்டடானிக்கின் ஐந்து சுரங்களும் ஏ செவன்த், டி செவன்த், ஈ செவன்த் ஆகிய மூன்று கார்டுகளின்மேலும் ஓரளவு பொருந்திவிடுகின்றன. தவறான சுரம் விழுவதில்லை என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் அதுவே. கீழே இசை நகர்ந்துகொண்டிருக்க, மேலே உங்கள் வாசிப்பு அதைப் பொருட்படுத்தாமல் போவதற்கும் காரணம் அதுவே. இதற்கு நான் மிகவும் நேசிக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால் வரும் 4-ஆம் தந்தியில் 5-ஆம் ஃப்ரெட்டையும், 3-ஆம் தந்தியில் 6-ஆம் ஃப்ரெட்டையும் சேர்த்து மீட்டுங்கள். ஏ செவன்த்தின் உயிர் அந்த இரண்டு சுரங்களில் இருக்கிறது. இரண்டு விரல்களையும் அப்படியே ஒரு ஃப்ரெட் கீழே, கிட்டாரின் தலைப்பக்கமாக, நகர்த்தினால் டி செவன்த் வந்துவிடும். பழைய இடத்திலிருந்து ஒரு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் ஈ செவன்த். முதல் நான்கு பார்கள் ஏ, 5-லும் 6-லும் டி, 7-லும் 8-லும் ஏ, 9-இல் ஈ, 10-இல் டி, கடைசி இரண்டில் மீண்டும் ஏ. இந்த இரட்டைச் சுரங்களை மட்டும் கொண்டு முழு 12 பார்களையும் வாசித்துப் பாருங்கள். 5-ஆம் பாரில் கார்டு மாறும் தருணத்தில், அந்த இரண்டில் ஒன்றில் வந்து நின்றால் போதும், உங்கள் வாக்கியம் பாடலோடு சேர்ந்து திரும்பும். அரை சுர அளவே ஆன அந்த இறக்கம் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

தந்தியை வளைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான கற்பவர்கள் சுருதி இழப்பது இங்கேதான். 3-ஆம் தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டை மேலே தள்ளி 9-ஆம் ஃப்ரெட்டின் ஒலியை அடைவது அடிப்படைப் பயிற்சி. முதலில் 9-ஆம் ஃப்ரெட்டை வாசித்து அந்த ஒலியைக் காதில் நிறுத்திக்கொண்டு, பிறகு 7-இலிருந்து தள்ளி, இரண்டும் ஒன்றாகின்றனவா என்று கேளுங்கள். மோதிர விரல் தள்ளும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் பின்னால் அதே தந்தியில் துணைநிற்க வேண்டும். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வந்து பிடித்துக்கொள்ள, விரலை மடக்கி நீட்டுவதற்கு மாறாக முன்கை திரும்ப வேண்டும். விரல் நுனி வலித்தால் 9 என்று குறிக்கப்படும் மெல்லிய தந்தித் தொகுப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது சிறிய வளைவு. அதே தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டில் இருப்பது ஏ-யிலிருந்து எண்ணும் மூன்றாம் சுரத்தின் தாழ்ந்த வடிவமான மைனர் மூன்றாம் சுரம்; 6-இல் இருப்பது அதன் உயர்ந்த வடிவமான மேஜர் மூன்றாம் சுரம். ப்ளூஸ் பாடகர்களின் குரல் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அந்த இடத்துக்குக் கிட்டாரில் ஃப்ரெட் கிடையாது. 5-ஐ அழுத்தியபடி மிகச் சிறிதளவு தள்ளித்தான் அங்கே போக முடியும், எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல முடியும். உங்கள் பதிவில் ப்ளூஸ் ஒலிக்கவில்லை என்று நீங்கள் உணர்ந்ததில் இந்த ஒரு சுரத்துக்குப் பெரும் பங்கு இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தாளம் பற்றிச் சுருக்கமாக. ஷஃபிள் என்ற ப்ளூஸ் தாள நடையில் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிகிறது. முதல் ஒலி இரண்டு பங்கு நீள்கிறது, அடுத்தது ஒரு பங்கு. தட்டுகளை ஒலித்துக்காட்டும் மெட்ரோனோம் கருவியின் ஒலியை 2-ஆம், 4-ஆம் தட்டுகளாக வைத்துக்கொண்டு கார்டுகளை மட்டும் வாசிக்கப் பழகுங்கள். இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர் பெரும்பாலான நேரம் செய்வது இதைத்தான். காணொளிகள் அதைக் காட்டுவது குறைவு. 12 பார் என்பதையும் மாறாத சட்டமாகக் கொள்ள வேண்டாம். ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் தனியாகப் பாடியபோது பார்களை எண்ணியதில்லை. வரி முடிந்த இடத்தில் பார் முடிந்தது, பல பாடல்களில் கார்டுகூட மாறவில்லை.

வயதையும் வேகத்தையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன எதற்கும் வேகம் தேவையில்லை. நீண்டு நிற்கும் ஒரு சுரத்தில் சீரான வைப்ராட்டோ, அதாவது சுரத்தின் மெல்லிய அசைவு, வர நெடுங்காலம் ஆகும். அது எந்த வயதில் தொடங்கியவருக்கும் பொது. காணொளிகள் உங்களுக்கு நிலைகளைக் கற்றுத்தந்துவிட்டன. ஆனால் நீங்கள் வளைக்கும் தந்தி சுருதியைத் தொடாமல் நின்றுவிடுவதை உடனே கேட்டுச் சொல்ல அவற்றால் முடியாது. ஆகவே வாரம் ஒருமுறை ஒரு நல்ல ஆசிரியரிடம் அமர வாய்ப்பிருந்தால் தயங்க வேண்டாம்.

வீட்டில் வாசிப்பதே போதும் என்ற உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். நானும் மேடைக்கு வெளியே வாசிப்பவன்தான். ஆயினும் கார்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரையேனும் தேடிக்கொள்ளுங்கள். ஒரு 12 பார் அவர் சோலோ (தனி வாசிப்பு) வாசிக்க நீங்கள் ஷஃபிள் வாசிப்பது, அடுத்த 12 பார் இடம் மாறிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். பேக்கிங் டிராக் உங்களைக் கேட்பதில்லை. எதிரில் அமர்ந்திருப்பவர் கேட்பார். நீங்கள் நிறுத்தினால் அவர் அந்த இடத்தை நிரப்புவார், நீங்கள் மெதுவாக மீட்டினால் அவரும் தணிவார்.

அன்புடன்.