உபுண்டுவிலிருந்து மின்டுக்கு மாறலாமா?

மானிப்பாயிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "பழைய மடிக்கணினி. 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். உபுண்டு 22.04 பாவிக்கிறேன். ஃபயர்பாக்ஸ் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. டொங்கிள் டேட்டாவும் எனக்குத் தெரியாமலே முடிகிறது. லினக்ஸ் மின்டுக்கு மாறினால் சரிவருமா? பாமினியில் அடித்த வினாத்தாள்கள் என்னாகும்?"

மாறலாம் டீச்சர், இரண்டும் லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள்தான். ஆனால் அவசரம் இல்லை. 22.04க்கு 2027 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும்.

அந்தத் தாமதத்துக்கு முதல் காரணம் ஹார்ட் டிஸ்க். எந்த லினக்ஸைப் போட்டாலும் அது அப்படித்தான் உருளும். காசு செலவழிப்பதானால் அதற்குப் பதிலாக முதலில் ஒரு சிறிய எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) வாங்கிப் போடுங்கள். மற்றக் காரணம் ஸ்னாப், அதாவது உபுண்டு மென்பொருள்களைப் பொதியாகத் தரும் ஒரு முறை. 22.04இல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாகத்தான் வருகிறது. சுருக்கி வைத்த அந்தப் பொதியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திறப்பதற்குள் பழைய டிஸ்க் திணறிவிடும். ஸ்னாப் நாளுக்கு நான்கு தடவை புதுப்பிப்புத் தேடும், கிடைத்தால் கேட்காமலே இறக்கும். உங்கள் டேட்டா போகிற வழிகளில் இதுவும் ஒன்று.

மின்டில் ஸ்னாப் இல்லை, ஃபயர்பாக்ஸ் சாதாரணப் பொதிதான். புதுப்பிப்புகளும் நீங்கள் சொன்னால்தான் இறங்கும். மின்ட் வெவ்வேறு திரைமுகப்புகளுடன் வரும். 4 ஜிபிக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். சினமன் பதிப்பு அழகுதான், ஆனால் அதற்கு ராம் கூட வேண்டும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் நல்லதுதான், உங்களுக்கு வேண்டாம்: ஒரு பதிப்பின் ஆயுள் ஏறத்தாழ 13 மாதம், பிறகு பெரிய புதுப்பிப்புக்கு டேட்டா எங்கே போவது?

மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. ஃபைபர் உள்ள வீட்டில் இறக்கி, பென்ட்ரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கோப்புகள். உபுண்டுவுக்கு மேலேயே மின்டை ஏற்ற முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். 'டிஸ்கை அழி' என்று கொடுத்தால் எல்லாம் போய்விடும். அதனால் உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு முழுவதையும் வெளி டிஸ்கில் நகலெடுங்கள். மறைந்திருக்கும் கோப்புகளும் வரவேண்டும். கன்ட்ரோலுடன் எச் அழுத்தினால் தெரியும். ஸ்னாப் என்ற அடைவைக் குப்பை என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் ஃபயர்பாக்ஸ் புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொற்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

வினாத்தாள்களுக்கு ஒன்றும் ஆகாது. பாமினி யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்ல, வெறும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் தாள் முழுக்க ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், பயப்படாதீர்கள். பாமினி எழுத்துருக் கோப்பை மின்டில் நிறுவி, லிப்ரே ஆபிஸை ஒருமுறை மூடித் திறங்கள், தமிழ் வந்துவிடும். யூனிகோடில் அடிக்க, தட்டச்சுக்கான ஐபஸ் மென்பொருளுடன் எம்17என் தொகுதியை நிறுவினால் ரெங்கநாதன், தமிழ்99 ஆகிய விசைப்பலகை அமைப்புகள் இரண்டும் கிடைக்கும். புதிய தாள்களையாவது யூனிகோடில் அடியுங்கள் என்பேன். பாமினியில் அடித்ததைத் தமிழில் தேடவே முடியாது.

நிறுவுவதற்கு முன் பென்ட்ரைவிலிருந்தே மின்டை இயக்கி வைஃபை, டொங்கிள், ஒலி மூன்றையும் பாருங்கள். மெதுவாக ஓடினால் கவலை வேண்டாம், பென்ட்ரைவ் அப்படித்தான். பிரின்டர் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதையும் பொருத்தி ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். அது வராவிட்டால் மாடல் இலக்கத்துடன் மறுபடி எழுதுங்கள், அதுவரை உபுண்டுவை அழிக்க வேண்டாம்.