நான்கு மாதம் ஆனாலும் திருமணத்தைப் பதியலாம்

கேள்வி: என் மகளுக்கு உத்திரகோசமங்கை கோயிலில் திருமணம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. மருமகன் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகளை அழைத்துப்போகத் திருமணச் சான்றிதழ் வேண்டும். “கெடு முடிந்துவிட்டது, இனி 30 நாள் நோட்டீஸ் ஒட்டித்தான் பதிய முடியும், 12,000 ரூபாய் ஆகும்” என்கிறார் ஒரு தரகர். உண்மையா?
ஒரு தாய், மண்டபம்

பதில்: பச்சைப் பொய், அம்மா. 30 நாள் நோட்டீஸ், மதச் சடங்கு இல்லாமல் பதிவு அலுவலகத்திலேயே மணம் முடிப்பவர்களுக்கான சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு உரியது. உங்கள் மகளுக்குக் கோயிலில் தாலி ஏறிவிட்டது. அதை அரசுப் பதிவேட்டில் ஏற்றுவது மட்டுமே பாக்கி. அதற்கு 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் போதும்.

திருமண நாளிலிருந்து 90 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் 100 ரூபாய். தவறினால் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு, கட்டணம் 150 ரூபாய். ஆக மொத்தம் 150 நாள். ‘நான்கு மாதம்’ என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். பத்திரிகையை எடுத்து, முகூர்த்தத் தேதியிலிருந்து காலண்டரில் விரல் வைத்து எண்ணுங்கள். வரவேற்பு நாள் கணக்கில் வராது. ஏறக்குறைய 120 நாள்தான் ஆகியிருக்கும். ஒருவேளை 150 தாண்டியிருந்தாலும் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிய வழி உண்டு. பதியாததாலேயே எந்தத் திருமணமும் செல்லாமல் போவதில்லை. ஆகவே பயந்து பணத்தை நீட்டாதீர்கள்.

தரகர் அடுத்து இரண்டு யோசனை சொல்வார். ஒன்று, திருமணத் தேதியைத் தள்ளிப் போட்டு எழுதுவது. அது குற்றம். தூதரகத்தில் பத்திரிகையையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்குவது உங்கள் மகள்தான், தரகர் அல்ல. இரண்டு, முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்குவது. அந்தத் தாள் திருமணச் சான்றிதழே ஆகாது. அதை நம்பி விசா நேரத்தில் அழுதுகொண்டு வருபவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

150 ரூபாய் வேலைக்கு 12,000 கேட்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? திருமணத்தைப் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணப் பலகையைக் கண்ணில் படாத மூலையில் மாட்டுவதிலிருந்தும், “சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்” என்று கூலி வேலைக்காரரை அலையவிடுவதிலிருந்தும்தான். அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் கட்டணத்தை எழுதி வைக்க என்ன தடை?

பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். பத்திரிகை, கோயில் ரசீது, இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சிகள் மீனவர்கள் என்றால் விசைப்படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். மணமக்கள் இருவரும் நேரில் வந்தாக வேண்டும் என்பதால் மருமகன் விமானம் ஏறுவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஆதாரில் தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டில் தகப்பனார் முழுப்பெயரும் இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ரசீதில் அச்சான தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.