வாசகர் கேள்வி – பதில்: அதிகம் பேசாதவர்கள் எந்த வேலைக்குப் போவது?

கேள்வி: நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன், வயது 24. பி.காம். முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சிறு வயதிலிருந்தே எனக்கு அதிகம் பேச வராது. கூட்டமான இடத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால், அன்று முழுவதும் யாருடனும் பேசத் தோன்றாது. கோவையில் ஒரு செல்போன் கடையிலும், பிறகு கடன் தவணையைக் கேட்டு வாடிக்கையாளர்களை அழைக்கும் ஒரு கால் சென்டரிலும் சேர்ந்து, இரண்டிலிருந்தும் விரைவிலேயே நின்றுவிட்டேன். நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாலே வாய் அடைத்துப் போகிறது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அப்பா தினமும் சொல்லிக் காட்டுகிறார். சொந்தக் காலில் நின்று தனியாக வாழ வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. இந்தக் குணத்தை முதலில் மாற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் வேலை தேட வேண்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. குணம் மாறட்டும் என்று காத்திருந்தால் காத்திருப்பதிலேயே வயது போய்விடும். மனிதர்களில் சிலருடைய கவனம் இயல்பாகவே உள்நோக்கியும் சிலருடையது வெளிநோக்கியும் செல்கிறது என்று சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இலேயே விரித்து எழுதினார். அதன் பிறகு வந்த உளவியலாளர்கள் இவற்றை ஒரே அளவுகோலின் இரு முனைகளாகக் கொண்டு, பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள் என்று விளக்கினார்கள். நீங்கள் ஒரு முனைக்குச் சற்று அருகில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். சிகிச்சை கேட்கும் குறை எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் விட்டு வந்த இரண்டு வேலைகளையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்றில் முன்பின் தெரியாதவரிடம் பேசிப் பொருளை விற்க வேண்டும். மற்றொன்றில் முன்பின் தெரியாதவரிடம் பேசிப் பணத்தைக் கேட்க வேண்டும். இரண்டிலும் சம்பளமே பேச்சுக்குத்தான் தரப்படுகிறது. பட்டதாரி என்றதும் எளிதாகக் கிடைக்கிற முதல் வேலைகள் பெரும்பாலும் இத்தகையவையாகவே இருப்பதால், இவற்றில் நிலைக்காத இளைஞர்கள் "நமக்கு எந்த வேலையும் சரிப்படாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு நீங்கள் வரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேலையின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காமல், அந்த வேலையில் ஒரு முழு நாள் எப்படிக் கழியும் என்று விசாரித்து விண்ணப்பியுங்கள். ஒரு நாளில் எத்தனை புதிய முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கும், வேலையைக் கொடுப்பவர் ஒருவரா பலரா, அது வாய்மொழியாக வருமா எழுத்தில் வருமா, செய்து முடித்ததை எடுத்துக் காட்ட முடியுமா என்பவற்றை அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். "அலுவலக உதவியாளர்" என்ற ஒரே பெயரில் ஓரிடத்தில் நாள் முழுவதும் வரவேற்பு மேசையில் அமர்த்துவார்கள். இன்னோரிடத்தில் ரசீதுகளை அடுக்கிப் பதியச் சொல்வார்கள்.

உங்கள் பட்டத்துக்கும் ஊருக்கும் பொருத்தமாக எனக்கு முதலில் தோன்றுவது கணக்கு வேலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு கேரள எல்லையில் உள்ள வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் எவ்வளவு தூரம் வரிசையில் நின்றன என்பதை உங்கள் அப்பா பார்த்திருப்பார். சரக்கு வண்டியை விரைவாகச் சாவடி தாண்டச் செய்ய அன்று அதிகாரியைத் தெரிந்திருக்க வேண்டும், ஓட்டுநரோடு சத்தம் போட வேண்டும், பேரம் பேச வேண்டும். வாயுள்ள பிள்ளைதான் அங்கே பிழைத்தது. அப்பா சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. இன்று அந்தச் சாவடி வேலை அலுவலகக் கணினிக்குப் போய்விட்டது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்வதற்கு மின்வழிச் சீட்டு, அதாவது இ-வே பில் எடுக்க வேண்டும். அதில் வண்டி எண்ணோ ஜி.எஸ்.டி. எண்ணோ தவறாக இருந்தால் வழியில் சோதனையின்போது சிக்கல் வரலாம். இந்த வேலைக்கு வேண்டியது பொறுமையும் துல்லியமும்தான். கேரளத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள கோவை நிறுவனங்களுக்குத் தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் பெரிய உதவி. நீங்கள் தகுதியாகவே எண்ணிப் பார்த்திராத அந்த இரண்டாவது மொழியை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியாவிட்டால் அதைக் கற்றுக்கொண்டு, உறவினர் ஒருவரின் மளிகைக் கடை ரசீதுகளை அனுமதி கேட்டு வாங்கி, ஒரு மாதக் கணக்கைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் அலுவலகத்திலோ, குறிச்சி சிட்கோ போன்ற தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறையிலோ "என்ன தெரியும்?" என்று கேட்டால் அதை எடுத்து வைக்கலாம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கணக்கு வேலை எல்லா நாளும் அமைதியாக இருக்காது. மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்பவர்களின் விற்பனை விவரத்துக்கு 11-ஆம் தேதியும் வரிக் கணக்குக்கு 20-ஆம் தேதியும் கெடு என்பதால், அந்த நாட்களில் அலுவலகமே சந்தைக்கடையாகிவிடும். ஆனால் அந்த இரைச்சல் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். உங்களைப் போன்றவர்களைக் களைப்படையச் செய்வது எதிர்பாராமல் வரும் இரைச்சல்தான் என்பது என் கணிப்பு.

மாநிலத்துக்குள்ளேயே இருக்க விரும்பினால் கஞ்சிக்கோடு தொழிற்பகுதி இருக்கிறது. அங்குள்ள ஆலைகளின் ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் பிரிவுகளுக்கு வணிகவியல் பட்டதாரிகள் தேவைப்படுவார்கள். (டிப்ளமோ படித்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நீர், எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் ஓட்டத்தை அளக்கும் மீட்டர்களைச் சோதித்துத் தரப்படுத்தும் மத்திய அரசு ஆய்வு நிறுவனம் ஒன்று கஞ்சிக்கோட்டிலேயே இயங்குகிறது. அளவீட்டு ஆய்வக வேலை, பேச்சைக் குறைத்துக் கவனத்தைக் கேட்கும் வேலை.) 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பிறகு, பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் உதவித்தொகையுடன் தொழில் பழகுநராகச் சேர முடிகிறது. பழகுநராகச் சேருபவரைக் கற்க வந்தவராகவே எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால், புதியவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இது ஒரு பெரிய ஆறுதல்.

நேர்காணலே இல்லாத வழியும் ஒன்று உண்டு. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் கீழ்நிலை எழுத்தர் தேர்வில் எழுத்துத் தேர்வின் மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. பாலக்காடு, இடுக்கி போன்ற மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கென்றே தனியாக எழுத்தர் பணியிடங்களை அறிவிப்பதும் உண்டு. அதற்குப் போட்டியிடுபவர்கள் குறைவு. மலையாள எழுத்தை இப்போதே சரளமாகப் படித்து எழுதப் பழகிக்கொள்ளுங்கள். மத்திய அரசிலும் 2016 ஜனவரி முதல் 'சி' பிரிவுப் பணிகளுக்கு நேர்காணல் கிடையாது. தமிழ்நாட்டுத் தேர்வுகளை எழுத எண்ணினால் ஒன்றைக் கவனியுங்கள்: கேரளத்தில் பெற்ற சாதிச் சான்றிதழைக் கொண்டு அங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது, பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருக்கும். தேர்வுகளுக்குப் படிப்பதை ஒரு வேலையில் இருந்துகொண்டே செய்யுங்கள். வீட்டிலேயே உட்கார்ந்து படிப்பது உங்கள் இயல்புக்கு மிகவும் வசதியாக இருக்கும் என்பதாலேயே அதில் எனக்குப் பயம்.

நேர்காணல் வரும்போது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கான பதிலை ஐந்தாறு வாக்கியங்களாக எழுதி, வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஊர், படிப்பு, தெரிந்த மென்பொருள், தெரிந்த மொழிகள், விட்டு வந்த வேலைகள், ஏன் விட்டீர்கள் என்ற உண்மை: இவ்வளவு போதும். "விற்பனையும் வசூலும் எனக்குப் பொருந்தவில்லை, கணக்கு வேலை பொருந்தும் என்று நினைக்கிறேன், ஒரு நாள் வேலை கொடுத்துப் பாருங்கள்" என்று சொல்பவரை முதலாளிகள் மதிப்பதுண்டு. வேலை கேட்டுத் தொலைபேசியில் அழைக்கத் தயக்கமாக இருந்தால், முதலில் நான்கு வரிச் செய்தி அனுப்பிவிட்டு நேரில் போங்கள். ஆனால் சிறிய அலுவலகங்களில் ஆள் எடுப்பது இன்றும் தெரிந்தவர் சொல்லித்தான் நடக்கிறது. ஆகவே நீங்கள் வேலை தேடுகிறீர்கள் என்பதைக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடமும், ஊரில் கோவைக்குப் போய்வரும் இரண்டு பேரிடமும் சொல்லத்தான் வேண்டும். அந்த மூன்று உரையாடல்களிலிருந்து உங்களுக்கு விலக்குத் தர என்னால் முடியாது.

தனியாக வாழும் ஆசையைப் பொறுத்தவரை, வேலை கிடைத்த முதல் மாதமே அறை தேட வேண்டாம். வேலந்தாவளம் வழியாகக் கோவை உக்கடத்துக்குச் சில மாதங்கள் பேருந்தில் போய்வந்து, வேலை நிலைக்குமா என்று பாருங்கள். அதற்குள் வீட்டிலிருந்தபடியே தனி வாழ்க்கையைத் தொடங்கிவிடலாம். மின் கட்டணமும் எரிவாயுப் பதிவும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்; வங்கிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் போங்கள்; சம்பளத்தில் ஒரு தொகையைத் தேதி தவறாமல் அம்மாவின் கையில் கொடுங்கள்; வாரம் இருமுறையாவது சமையுங்கள். தனி அறைக்குப் போகும் இளைஞர்கள் தடுமாறுவது தனிமையால் அல்ல. வாடகை, மெஸ், சலவை என்று சில்லறைச் செலவுகள் கையை மீறிப் போவதால்தான். அப்பாவின் பேச்சுக்கும் இதைவிட நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த நான், கொச்சியில் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். இரவு பதினொன்று வரை பேச்சும் செல்போன் சத்தமும் ஓய்வதில்லை. தனி அறை கேட்டால் "என்ன திமிர்" என்கிறார்கள். தனி அறையின் வாடகை என் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அமைதி கேட்பது திமிர் அல்ல, அம்மா. இருந்தாலும் பாதிச் சம்பளத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மீதியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் அறையில் உங்களுக்கு அமைதி கிடைக்காது. உங்களைப் போலவே குறைவாகப் பேசும் ஒருவர் அந்த மருத்துவமனையிலேயே இருப்பார். ஆவணப் பிரிவிலோ ஆய்வகத்திலோ தேடிப் பாருங்கள். அவரோடு இருவர் அறைக்கு மாறுவதுதான் இப்போதைக்கு நடக்கக்கூடியது. அதுவரை, வேலை முடிந்ததும் நேராக விடுதிக்குப் போகாமல் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். கேரளத்தில் ஊருக்கு ஊர் வாசகசாலை இருக்கும் வசதியைத் தமிழ்நாட்டு நண்பர்களிடம் சொன்னால் பொறாமைப்படுவார்கள். அங்கே உங்களை யாரும் பேச்சுக்கு இழுக்கமாட்டார்கள்.

அறை மாறுவதற்கு முன் சம்பளச் சீட்டை ஒருமுறை பாருங்கள். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்காக உங்களிடமிருந்து 0.75 சதவீதமும், வருங்கால வைப்பு நிதியில் உங்களைச் சேர்த்திருந்தால் அதற்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமும் பிடித்திருப்பார்கள். வைப்பு நிதிக்காகப் பிடித்த தொகை உங்கள் கணக்கில் உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா என்பதை, அந்த நிதியின் உறுப்பினர் எண்ணான யு.ஏ.என். எண்ணைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். குடும்பத்தை விட்டு விலகி வாழும் பெண்ணுக்கு உடல்நலம் கெடும் மாதத்தில் கைகொடுப்பது இந்த இரண்டும்தான். அவற்றோடு மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் சேர்ந்த பிறகு அறை மாறுங்கள். நீங்கள் கேட்கும் அமைதி சற்றுத் தள்ளிப் போகும் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் அட்வான்ஸ் தொகைக்காகக் கடன் வாங்கினால் அது இன்னும் தள்ளிப் போகும்.

கேள்வி: பாலக்காட்டுச் சித்தூரில் வசிக்கிறோம். என் மகனுக்கு 22 வயது. முன்பு குறைவாகப் பேசினாலும் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள், சினிமாவுக்குப் போவான். கடந்த சில மாதங்களாக அவர்களையும் பார்ப்பதில்லை. வேலைக்கு அழைப்பு வந்தால் வயிற்றைப் புரட்டுகிறது என்று படுத்துவிடுகிறான். இது கூச்சமா, வேறு ஏதாவதா?

பதில்: சகோதரி, மேலே எழுதிய இருவரையும் உங்கள் மகனையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. குறைவாகப் பேசுபவர் தனியாக இருக்கும்போது நிம்மதியாக இருப்பார். தமக்குப் பிடித்த ஓரிருவரோடு பழகுவதை விட்டுவிடமாட்டார். உங்கள் மகன் முன்பு விரும்பியதையும் கைவிட்டிருப்பதும், அழைப்பு என்றதும் உடம்பே மறுப்பதும் பதற்றமாகவோ மனச்சோர்வாகவோ இருக்கக்கூடும். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். நானோ உறவினரோ அல்ல. "சோம்பல்" என்ற சொல்லை வீட்டில் இப்போது யாரும் பயன்படுத்த வேண்டாம். வேலைப் பேச்சையும் சில வாரங்கள் ஒத்தி வையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண்ணில், அதாவது 14416-இல், தமிழிலும் மலையாளத்திலும் பேச முடியும். அவன் பேசத் தயங்கினால் முதல் அழைப்பை நீங்களே செய்து, எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என்று கேளுங்கள். மருத்துவரிடம் போகும்போது கூடவே சென்று வெளியில் உட்கார்ந்திருங்கள். உள்ளே அவன் பேசட்டும்.